முதலையும் கொல்லாமையும்: கனிகா நாட்டு வரலாறு ஒன்று

ஒடிசா மாநிலத்தின் வடகடற்கரையில் கனிகா என்றொரு பழைய சமீன் இருந்தது. பிராமணியும் வைதரணியும் எண்ணற்ற கால்களாகப் பிரிந்து வங்கக் கடலை அடையும் சதுப்பு நிலம் அது. அந்நாட்டு அரச குடும்பத்தார் ஒரு முதலையின் மண்டையோட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளனர். 1926-ஆம் ஆண்டளவில் தாமரா முகத்துவாரத்தின் அருகே சுட்டு வீழ்த்தப்பட்ட முதலையினுடையது அது என்பது அக்குடும்பத்தார் கூற்று. முதலையின் உடல் நீளம் அதன் மண்டையோட்டைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு இருக்கும் என்பதொரு கணக்கு உண்டு. அக்கணக்கின்படி அந்த விலங்கு இருபது அடிக்கும் இருபத்துமூன்று அடிக்கும் இடைப்பட்ட நீளம் உடையதாய் இருந்திருக்கும் என வல்லுநர்கள் மதித்துள்ளனர். நம் வீட்டு அறைகள் இரண்டை ஒட்டவைத்தாலும் அவ்வுடல் அவற்றுள் அடங்குவது ஐயமே.

1926 என்னும் ஆண்டு நம் சிந்தையில் வேறிரண்டு நிகழ்ச்சிகளையும் எழுப்புகிறது. அவ்வாண்டு மே மாதம் 2-ஆம் நாள், இமயமலைச் சாரலில் ருத்ரபிரயாகைச் சுற்றுவட்டாரத்தை எட்டாண்டுக் காலம் நடுங்க வைத்த சிறுத்தை ஒன்றை ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். அச்சிறுத்தைக்கு இரையானவர் 125 பேர் என்பது அரசின் பதிவு. அதே ஆண்டில் அகமதாபாத்தில் ஆலை முதலாளி ஒருவர் தம் ஆலை வளாகத்தில் திரிந்த அறுபது நாய்களை, வெறிநோய்க்கு அஞ்சி, கொல்வித்தார். செய்தி சபர்மதிக்கு எட்டியது. அகிம்சையைத் தம் உயிர்மூச்சாகக் கொண்ட காந்தியடிகள் அச்செயலைக் கண்டிப்பார் என்றே எல்லோரும் எதிர்பார்த்தனர். அவரோ, வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டார். 'யங் இந்தியா' இதழில் அதுபற்றித் தொடர்ந்து எழுதினார். சினமுற்ற கடிதங்கள் குவிந்தன. அவற்றுக்குப் பொறுமையாய் விடை பகர்ந்தார்.

ஓர் அரச குடும்பத்தின் வேட்டைச் சின்னம், ஓர் ஆங்கில வேட்டைக்காரரின் காவற்பணி, ஓர் அறவோரின் தர்க்கம் ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் ஒன்றையொன்று அறியாமல் நிகழ்ந்தவை. தற்செயல்தான். எனினும், மனிதரைக் கொல்லும் விலங்கை மனிதர் கொல்லலாமா என்னும் வினாவுக்கு இம்மூன்றையும் விட்டால் வேறு வாசல் நமக்குத் தென்படவில்லை.

வினா புதியதன்று. நம் முன்னோர் முதலையை நன்கு அறிந்திருந்தனர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் முதலை, இடங்கர், கராம் என மூன்று பெயர்களை அடுத்தடுத்து வைக்கிறார். இரவில் தலைவியைக் காண வரும் தலைவனின் வழியில் உள்ள இடர்களுள் இவை மூன்றும் அடங்கும். கோட்டையைச் சூழ்ந்த அகழியில் முதலை வாழ்ந்ததைப் பாடிய புலவரும் உளர். வள்ளுவரோ இடனறிதல் என்னும் அதிகாரத்தில், ஆழ்நீரில் பிறவற்றை வெல்லும் முதலை நீரைவிட்டு நீங்கின் பிறவற்றால் வெல்லப்படும் என்னும் பொருள்பட ஓர் உவமை வைத்தார். அரசியல் பாடமாகச் சொல்லப்பட்டதாயினும் உயிரியலாகப் பார்த்தாலும் அஃது உண்மை. முதலையின் குற்றம் என்று ஏதேனும் உண்டெனில் அது முதலையிடம் இல்லை, நாம் நிற்கும் இடத்தில் இருக்கிறது என்பதை இதற்குமேல் சுருக்கிச் சொல்ல இயலாது.

இங்கே ஒரு சிறு விலகலை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். முதலையைப் பற்றி நம் நாட்டில் வழங்கும் பக்திக் கதைகள் இரண்டு. ஒன்று கசேந்திர மோட்சம். யானையின் காலைப் பற்றிய முதலையைத் திருமாலின் ஆழி அறுத்தது. மற்றொன்று கொங்கு நாட்டு அவிநாசியில் நிகழ்ந்ததாகப் பெரிய புராணம் கூறுவது. மடுவில் குளிக்கச் சென்ற அந்தணச் சிறுவனை முதலை விழுங்கியது. ஆண்டுகள் பல கழிந்தபின் அவ்வூருக்கு வந்த சுந்தரமூர்த்தி நாயனார் பதிகம் பாட, வறண்டு கிடந்த மடுவில் நீர் பெருகி, முதலை வந்து பிள்ளையை வளர்ந்த வடிவோடு கரையில் உமிழ்ந்தது. நம்பிகள் பிள்ளையைத்தான் கேட்டார், முதலையின் உயிரைக் கேட்கவில்லை. வடக்கே தண்டனையும் தெற்கே மீட்பும் என்று பிரித்துப் பெருமை பேசுவது நம் நோக்கமன்று. ஆழியால் பட்ட முதலையும் சாபம் நீங்கிக் கந்தர்வனாயிற்று என்றுதானே அக்கதையும் முடிகிறது! பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு வேண்டுவது எது என்பதை அவிநாசிக் கதை நேராகச் சொல்கிறது என்பதற்காகவே இதனைக் குறித்தோம். உலகில் எந்த அரசும் எந்தத் துப்பாக்கியும் அதனைத் தர இயலாது. தரக்கூடியவை எல்லாம் அதற்கு அடுத்தபடியானவையே.

மீண்டும் கனிகாவுக்கு வருவோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் கொடிய விலங்குகளைக் கொல்வோர்க்கு அரசே பரிசுப் பணம் கொடுத்தது. ஆண்டுதோறும் எத்தனை மனிதர் விலங்குகளால் மாண்டனர், எத்தனை விலங்குகள் கொல்லப்பட்டன என்று மாகாணந்தோறும் பட்டியல் போடப்பட்டது. அரசர்களுக்கு அது விளையாட்டு, குடிகளுக்கு அது காவல். எனினும் முதலையினத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டு சென்றவை அந்த மண்டையோட்டுக்குரிய துப்பாக்கியோ பரிசுப் பணமோ அல்ல. தோல் வாணிகம்தான் அதைச் செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேலை நாடுகளில் முதலைத்தோற் பைகளுக்கும் காலணிகளுக்கும் எழுந்த மோகம், இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரையுள்ள கழிமுகங்களைத் துடைத்தெடுத்தது. உப்புநீர் முதலையின் வயிற்றுத்தோல் மென்மையானது, பிற முதலைகளின் தோலைவிட விலை மிகுந்தது. ஆஸ்திரேலியாவின் வடபுல ஆட்சிப் பகுதியில் 1971-இல் வேட்டை தடை செய்யப்பட்டபோது ஏறத்தாழ மூவாயிரம் முதலைகளே எஞ்சியிருந்தன.

கனிகாவில் சமீன் முறை 1952-இல் ஒழிந்தது. அரசரின் வேட்டைக்காடு அரசாங்கக் காடாயிற்று. வங்கத்திலிருந்து வந்தோர் பலர் அலையாத்தி மரங்களை வெட்டி நெல்வயலாக்கிக் குடியேறினர். வரப்பு கட்டி உப்புநீரைத் தடுத்தனர். உழவுக்கு நிலமும் மீனுக்கு ஆறும் கிடைத்தன. முதலைக்குக் கிடைத்த இடம் குறைந்துகொண்டே வந்தது.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் வல்லுநர் எச். ஆர். பஸ்டர்ட் இந்தியாவுக்கு வந்து ஆய்ந்தார். முதலைப் பண்ணை வைத்துத் தோல் விற்கலாமா என்பதே அவர் வருகையின் தொடக்க நோக்கம் என்பதைப் பலர் அறியார். ஆனால் பண்ணைக்கு வேண்டிய முதலையே நாட்டில் அரிதாகிவிட்டது. ஆகவே முதலில் இனத்தைக் காப்பாற்றுவது என்று முடிவாயிற்று. 1975-இல் இந்திய முதலைத் திட்டம் ஒடிசாவில் தொடங்கிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் கனிகாவின் உட்காடான பிதர்கனிகா, 672 சதுர கிலோமீட்டர் பரப்போடு, சரணாலயம் ஆயிற்று. 'பிதர' என்பது ஒடியா மொழியில் 'உள்' என்னும் பொருளது. உப்புநீர் முதலையை அம்மக்கள் 'பௌலா' என்பர். டாங்க்மால் என்னும் இடத்தில் பௌலா திட்டம் நிலைகொண்டது. நம் தமிழகத்திலும் அதே காலத்தில் அமராவதி அணையருகே சதுப்புநில முதலைகளுக்குப் பண்ணை அமைந்தது. சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணை 1976-இல் உருவாயிற்று.

டாங்க்மாலில் செய்த வேலை எளியது, ஆனால் பொறுமை மிக வேண்டுவது. பௌலாப் பெண் மே, ஜூன் மாதங்களில் இலைதழைகளையும் நாணலையும் சேற்றையும் குவித்து மேடு கட்டி ஏறத்தாழ ஐம்பது முட்டை இடும். இரண்டரை மாதத்திற்கு மேலாகும் குஞ்சு வெளிவர. அக்காலம் முழுதும் தாய் மேட்டின் அருகிலேயே காவல் கிடக்கும், நெருங்குவோரைத் தாக்கும். மழைவெள்ளம், உடும்பு, பன்றி, பறவை, பெருமீன் ஆகிய அனைத்துக்கும் தப்பி வளர்ந்து பெரிதாவது நூற்றுக்கு ஒன்றிரண்டே. ஆகவே முட்டைகளை எடுத்து வந்து, வெப்பம் மாறாமல் அடைகாத்து, குஞ்சுகளைத் தொட்டிகளில் வளர்த்து, மூன்று நான்கடி நீளம் ஆனபின் ஆற்றில் விட்டனர். 1977-இல் முதல் தொகுதி விடப்பட்டது.

1976-இல் எடுத்த கணக்கில் பிதர்கனிகாவின் ஆறுகளிலும் ஓடைகளிலும் இருந்த பௌலா முதலைகள் நூற்றுக்கும் குறைவு. கணக்கெடுப்பு இரவில் நடக்கும். படகிலிருந்து விளக்கொளி பாய்ச்சினால் முதலையின் கண் கனன்ற கரிபோலச் செந்நிறமாய் மின்னும். 2024 சனவரியில் எடுத்த கணக்கில் தொகை 1,811. இவற்றுள் பெரும்பகுதி குஞ்சுகளும் இளையவையுமே என்றாலும், இருபது அடியை எட்டியவையும் உள. மண்டையோடாகப் பழஞ்சின்னமாய் இருந்த அந்தப் பேருரு மீண்டும் உயிரோடு நீந்துகிறது.

உலகில் இதற்கு நிகராகச் சொல்லத்தக்க வெற்றிகள் அதிகமில்லை. 1999 அக்டோபரில் ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியபோது அலையாத்திக் காடு எஞ்சியிருந்த பகுதிகளின் பின்னிருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவாக இருந்தது என்பதைப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. அந்த ஆய்வு நடந்ததும் இதே கேந்திரபாடா மாவட்டத்தில்தான். பௌலாவை முன்னிறுத்திக் காத்த காடு அது. ஆக, முதலையின் பெயரால் பிழைத்த மனித உயிர்களும் உண்டு. ஆனால் புயலுக்குத் தப்பியவருக்குத் தாம் எதனால் தப்பினோம் என்பது தெரியாது. முதலைக்கு இரையானவரின் வீட்டாருக்கோ எதனால் இரையானார் என்பது நன்றாகத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன், புவனேசுவரத்தில் அன்பர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, கோலாத் துறையிலிருந்து படகேறி டாங்க்மால் வரை செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. ஆற்றின் இருகரையும் சேறு. சேற்றில் கிடந்த கட்டையென நாம் எண்ணியது வாயைத் திறந்தது. உடன் வந்தோர் நகைத்தனர், நமக்கு நகைப்பு வரவில்லை. அதனினும் நம் உள்ளத்தில் தங்கிவிட்டது சரணாலய எல்லைக்கு வெளியே ஓர் ஊரின் நீர்த்துறை. ஆற்றுக்குள் நாற்புறமும் கம்பு நட்டு வேலி கட்டி, ஒரு சிறு தொட்டிபோல் நீரை அடைத்திருந்தனர். அதனுள் இறங்கி ஒரு பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வேலியின் ஒரு பக்கத்தில் இரண்டு கம்புகள் இல்லை. ஆற்று வெள்ளம் கொண்டுபோயிருக்கலாம், விறகுக்கு எவரேனும் பிடுங்கியிருக்கலாம். அவள் அந்தப் பக்கம் முதுகு காட்டாமல், இடைவெளியைப் பார்த்தவாறே துலக்கினாள். முதலையோடு கூடிவாழ்தல் என்று கருத்தரங்குகளில் பேசப்படுவது நடைமுறையில் இத்தகைய ஒரு பார்வைதான்.

இறந்தோர் யாவர் என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். குளிக்கச் சென்றவர், துணி துவைத்தவர், மாட்டைக் கழுவியவர், நண்டும் இறாலும் பிடிக்க இடுப்பளவு நீரில் இறங்கியவர் இவர்களே. வீட்டுக்குள் குழாய் உள்ளவர் எவரும் அப்பட்டியலில் இல்லை. முதலைக்குச் சாதி தெரியாது, பணம் தெரியாது. ஆனால் அதன் வாய் எட்டும் தொலைவில் யார் நிற்க வேண்டியிருக்கிறது என்பதைத் தீர்மானிப்பவை அவையே.

இனி, கொல்லுதல் பற்றி.

புலியையும் சிறுத்தையையும் பற்றி நாம் கொண்டிருக்கும் கருத்துகள் பெரிதும் கார்பெட் தந்தவை. சம்பாவத்தில் 436 உயிர்களைக் குடித்ததாகச் சொல்லப்படும் பெண்புலியை 1907-இல் சுட்ட பின் அவர் அதன் வாயைப் பிளந்து பார்த்தார். கோரைப்பற்கள் உடைந்திருந்தன, பழைய குண்டுக்காயத்தால். காயமோ முதுமையோ இயல்பான இரையைப் பிடிக்கவொட்டாமல் தடுக்கும்போதுதான் புலி மனிதனை நாடுகிறது, ஆட்கொல்லி என்பது இயல்பு திரிந்த விலங்கு என்றார் அவர். இக்கொள்கை நம் மனத்துக்கு ஆறுதல் தருவது. திரிந்த ஒன்றைக் கொன்றால் திரியாத பிற பிழைக்கும். ஒரு கொலையால் இரு சாராருக்கும் அமைதி.

முதலையிடம் இக்கொள்கை செல்லாது. பதினைந்தடிக்கு மேல் வளர்ந்த பௌலாவுக்கு மானும் மாடும் மனிதனும் நீர்விளிம்பில் நிற்கும் இரையே. அதற்குக் காயம் இருக்கத் தேவையில்லை, பல் உடைந்திருக்கத் தேவையில்லை. அது திரியவும் இல்லை. ஒரு முதலையைக் கொன்றால் அதன் இடத்துக்கு அடுத்த பெரிய முதலை வந்து சேரும். முதலைகளுள் ஆணுக்கு ஆண் எல்லைப் போர் உண்டு, காலியிடம் காலியாக இராது. ஆகவே முதலைக்கு 'ஆட்கொல்லி' என்று பட்டம் சூட்டுவது சொல்லளவில் சரியாயினும், அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் 'குற்றவாளி' என்னும் பொருள் அதற்குப் பொருந்தாது.

பிற நாடுகளில் நேர்ந்த சில நிகழ்ச்சிகள் இதனைத் தெளிவிக்கும்.

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் பத்தாங் லூப்பார் என்னும் ஆறு. அங்கே முதுகில் வெண்பட்டை உடைய பெருமுதலை ஒன்றுக்கு 'பூஜாங் செனாங்' என்று பெயரிட்டு மக்கள் அஞ்சினர். அது பழைய போர்மறவன் ஒருவனின் ஆவி என்றுகூட நம்பினர். ஆண்டுக்கணக்கில் தப்பித் திரிந்த அதனை 1992 மே மாதத்தில், ஒரு பெண்ணை அது கொன்ற பின், சுட்டு வீழ்த்தினர். நீளம் 19 அடிக்கு மேல். அந்த ஆற்றில் அதன் பின்னும் முதலைகள் மனிதரைக் கொன்றன. பெயர் மட்டும் மாண்டது.

பிலிப்பைன்ஸில் அகுசான் சதுப்புநிலத்தில், 2011 செப்டம்பரில், மூன்று வார முயற்சிக்குப்பின் 20 அடிக்கு மேற்பட்ட முதலை ஒன்று உயிரோடு பிடிபட்டது. எடை 1,075 கிலோ. 'லோலோங்' என்று பெயரிட்டனர். காணாமற்போன மீனவர் ஒருவரையும் ஒரு சிறுமியையும் கொன்ற முதலை இதுவாயிருக்கும் என்ற ஐயத்தாலேயே வேட்டை தொடங்கிற்று. பிடித்தபின் வாந்தியெடுக்கச் செய்து பார்த்தனர். மனித உடலின் எச்சம் எதுவும் இல்லை. ஆனாலும் அதை விடவில்லை. கூட்டத்தார் காண வந்தனர், ஊருக்கு வருவாய் வந்தது. 2013 பிப்ரவரி 10-ஆம் நாள் அம்முதலை சிறையிலேயே மாண்டது. குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே ஆயுள் தண்டனை அடைந்தது எனலாம்.

ஆஸ்திரேலியாவின் பினிஸ் ஆற்றில் 'ஸ்வீட்ஹார்ட்' என்று அழைக்கப்பட்ட ஒரு முதலை, 1974 முதல் 1979 வரை மீன்பிடி படகுகளின் பொறிகளைக் கடித்துக் குதறி வந்தது. பொறியின் உறுமலை எதிரியின் உறுமலாகக் கொண்டது போலும்! ஒரு மனிதனையும் அது கடித்ததில்லை. கொல்லாமல் வேறிடம் கொண்டுபோக எண்ணி 1979 ஜூலையில் மயக்க மருந்து செலுத்திப் பிடித்தனர். நீருள் கிடந்த மரக்கட்டையில் சிக்கி, மயக்கத்தில் மூச்சடங்கி, அது மூழ்கி இறந்தது. இன்று டார்வின் நகர அருங்காட்சியகத்தில் பாடம் செய்யப்பட்டுக் கிடக்கிறது. இரக்கத்துக்கும் திறமை வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி சொல்வதுபோல் வேறெதுவும் சொல்லவில்லை.

ஆப்பிரிக்காவின் புருண்டி நாட்டில் தாங்கனீக்கா ஏரியிலும் ருசிசி ஆற்றிலும் திரிந்த 'குஸ்தாவ்' பற்றி ஒரு சொல் போதும். முந்நூறு பேரைக் கொன்றது என்பர். அத்தொகைக்குச் சான்று கிடையாது. அதனைப் பிடிக்கப் பெருங்கூண்டு ஒன்றைச் செய்து இரைவைத்துக் காத்திருந்தனர். அது நுழையவேயில்லை. அதே ஆண்டுகளில் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. போரில் மாண்டவர் இலட்சக்கணக்கில். உலகப் படப்பிடிப்பாளர்கள் தேடிச் சென்றது முதலையை.

நம் நாட்டுச் சட்டம் இதில் என்ன சொல்கிறது? முதலைகள் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, மிக உயர்ந்த காவலுக்கு உரியவை. ஆயினும் பதினோராம் பிரிவின்படி, மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கை வேட்டையாட மாநிலத்தின் தலைமை வனவிலங்குக் காப்பாளர், காரணங்களை எழுத்தில் பதிந்து, ஆணையிடலாம். பிடிக்கவோ மயக்கவோ இடம் பெயர்க்கவோ இயலாது என்று அவர் உறுதி கொண்டாலன்றிக் கொல்லும் ஆணை பிறப்பிக்கக் கூடாது என்பது பின்னர் சேர்ந்த கட்டுப்பாடு. தன்னையோ பிறரையோ காக்க நன்னோக்கோடு கொன்றால் அது குற்றமன்று. படிக்கும்போது இச்சட்டம் நேர்மையானதாகவே தோன்றுகிறது. ஆனால் எந்த முதலை கொன்றது என்பதை ஆயிரத்து எண்ணூறு முதலைகளுக்கு நடுவே யார் எழுத்தில் பதிவது? நீருக்குமேல் தெரிந்தது ஒரு நொடி, அந்த நொடியில் பார்த்தவர் அலறினார், அளக்கவில்லை.

ஆணைக்குக் காத்திராத ஊர்களும் உண்டு. 2023 ஜூனில் பீகாரின் வைசாலி மாவட்டத்தில், கங்கையில் நீராடிய சிறுவன் ஒருவனை முதலை இழுத்துக் கொன்றது. சற்று நேரத்தில் ஊரார் ஒரு முதலையைக் கரைக்கு இழுத்துக் கம்புகளாலும் இரும்புத் தடிகளாலும் அடித்தே கொன்றனர். அதைக் கண்டித்து எழுதியோர் பலர். நாமும் அதனைச் சரியென்று சொல்லோம். அடிபட்டுச் செத்தது எந்த முதலையாக இருந்தாலும் அடித்தவர்களின் சினம் அதைவிட்டு வேறெங்கோ செல்ல வேண்டியது. ஆயினும் அந்தச் சினத்தைக் காட்டுமிராண்டித்தனம் என்று நகரத்து நாற்காலியில் அமர்ந்து சொல்ல நமக்கு நா எழவில்லை. நம் பிள்ளைகள் குளியலறையில் குளிக்கிறார்கள்.

இனி காந்தியடிகளின் தர்க்கத்துக்குத் திரும்புவோம். அறுபது நாய்களைக் கொன்றதை அவர் ஏற்றது அகிம்சையை விட்டதனால் அன்று. அவர் கேள்வியின் கூர்மை வேறிடத்தில் இருந்தது. தெருநாய்க்கு ஒரு பிடி சோறெறிந்து புண்ணியம் தேடிக்கொண்டு, அந்த நாய்க்கு உரிமையாளராகாமல், அதன் நோய்க்கும் கடிக்கும் பொறுப்பேற்காமல் வீட்டுக்குப் போய்விடும் கருணை, கருணையாகாது என்பதே அவர் கருத்தின் சாரம். வளர்ப்பவன் பொறுப்பேற்க வேண்டும், பொறுப்பேற்க மாட்டாதவனின் இரக்கம் பிறர் தலையில் விழும் சுமை என்றார்.

நாய்க்குச் சொன்னதை முதலைக்கு அப்படியே பெயர்க்கலாகாது. பௌலா மனிதனின் சோற்றுக்கு வாலாட்டும் உயிரன்று. அது நமக்கு முன்பே அந்த ஆற்றில் இருந்தது. பிழைக்க வைத்தோமே தவிர நாம் படைக்கவில்லை. ஆனால் பொறுப்பு பற்றிய பகுதி முழுமையாகப் பொருந்துகிறது. முட்டையை எடுத்து அடைகாத்துக் குஞ்சை ஆற்றில் விட்டது அரசு. செய்தது நல்ல வேலை, உலகம் புகழும் வேலை. அந்தப் புகழின் விலையை நீர்த்துறையில் குந்தியிருக்கும் பெண் மட்டும் கொடுப்பாளாயின் அது கொல்லாமை ஆகாது. கொலையை வேறொருவர் கணக்கில் எழுதியதாகும்.

அவ்வாறெனில் கொல்வதே சரி என்பாரும் உளர். ஆஸ்திரேலியாவின் வடபுலத்தில் 1970-களின் இறுதியில் சில இறப்புகள் நேர்ந்தபோது முதலைகளை ஒட்டுமொத்தமாகக் குறைக்க வேண்டும் என்ற கூச்சல் எழுந்தது. அந்நாட்டார் கொண்ட வழி வேறு. காட்டு முட்டைகளைக் குறித்த அளவில் எடுத்துப் பண்ணைக்கு விற்கவும், நிலத்துக்குரியவர் அதில் பணம் பெறவும் வழி செய்தனர். ஊர்த்துறைமுகத்தை நெருங்கும் முதலைகளை ஆண்டுதோறும் பிடித்து அகற்றினர். எஞ்சிய ஆறுகளை முதலைக்கே விட்டு, மக்களை நீரிலிருந்து விலக்கப் பலகைகளும் பள்ளிப்பாடமும் வைத்தனர். மூவாயிரம் இன்று ஒரு இலட்சத்தளவாயிற்று. ஆனால் அங்கே ஆற்றில் இறங்காமல் வாழ இயலும், நிலமும் செல்வமும் மிகுதி. கனிகாவின் சதுர மைலொன்றில் எத்தனை வீடுகள்! நம் சட்டத்தில் தோல் வாணிகத்துக்கும் இடமில்லை. அதனை மாற்ற வேண்டும் என்று நாம் சொல்லத் துணியவில்லை. தோலுக்கு விலை வந்தால் ஆற்றில் எது நடக்கும் என்பதை ஒருமுறை பார்த்துவிட்டோம்.

வழிபாட்டால் இணங்கி வாழ்ந்தோரும் உண்டு. கோவாவின் கும்பார்ஜுவா கால்வாய்க் கரை உழவர்கள் ஆண்டுக்கொருமுறை சேற்றால் முதலையுரு செய்து பூசிக்கின்றனர், வரப்பைக் காக்க வேண்டி. குசராத்தில் கோடியார் அன்னைக்கு முதலையே ஊர்தி. சரோத்தர்ப் பகுதியின் ஊர்க்குளங்களில் சதுப்புநில முதலைகள் எருமைகளுக்கு அருகிலேயே கிடக்கின்றன. சுந்தரவனத்தில் காலுராயர் முதலைகளின் தெய்வம். இவற்றைக் காட்டி, நம் மக்கள் இயல்பிலேயே விலங்கோடு இசைந்தவர்கள் என்று மகிழ்வோர் உண்டு. பூசை அச்சத்தின் மறுபெயரும்கூட என்பதை மறக்கலாகாது. சேற்று முதலையின் வாயில் கோழிக்குஞ்சை வைப்பவன் அதனைக் கவிதைக்காக வைப்பதில்லை.

நம் முடிவு என்ன என்று அன்பர்கள் கேட்கலாம். ஒரு குறித்த முதலை ஒரு குறித்த துறையில் மீண்டும் மீண்டும் மனிதரைப் பற்றுவது உறுதியானால், அதனைப் பிடிக்க முயல வேண்டும், இயலாதபோது கொல்லவும் வேண்டும். அதைச் செய்ய அரசு தயங்கினால் ஊரார் செய்வர், தவறான முதலைக்குச் செய்வர். அதை ஒறுப்பு என்று எண்ணக்கூடாது, மண்டையோட்டைச் சுவரில் மாட்டிக் கொண்டாடவும் கூடாது. ஆனால் அத்தகைய கொலை பத்தாண்டில் ஒன்றாக இருக்க வேண்டுமெனில் அதற்குமுன் நூறு சிறு வேலைகள் நடந்திருக்க வேண்டும். வீட்டுக்கு நீர்க்குழாய், ஊருக்குக் குளம், உறுதியான இரும்பு வேலியிட்ட துறை, இறந்தோர் குடும்பத்துக்கு அலைக்கழிக்காத உதவித்தொகை, முட்டையிடும் மாதங்களில் ஓடைக்குள் செல்லாதிருக்க மீனவருக்கு மாற்று வருவாய். அரசு இவற்றுள் சிலவற்றைச் செய்து வருகிறது. மூங்கில் வேலிகள் பல இடங்களில் இரும்பு வலையாக மாறியுள்ளன. மே முதல் சூலை வரை பிதர்கனிகா சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்படுகிறது, முட்டைமேட்டில் காவலிருக்கும் தாய்களின் பொருட்டு. பயணிக்கு மூட இயல்கிறது. நீரெடுக்க வருபவளுக்கு ஆற்றை எப்படி மூடுவது?

நாம் திரும்பிவரும்போது மாலை மயங்கியிருந்தது. அந்தத் துறையைப் படகு மீண்டும் கடந்தது. பெண் போய்விட்டிருந்தாள். பாத்திரங்கள் கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வேலியின் இடைவெளியில் புதிதாக ஒரு கம்பு நடப்பட்டிருந்தது. இன்னும் ஒன்று நட வேண்டியிருந்தது.